பழைய லேப்டாப்புக்கு ரேம் கூட்டலாமா? பார்த்து வாங்கி நாமே மாட்டும் முறை

மதுரையை ஒட்டிய ஊமச்சிகுளத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு பெண் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் கையில் இருப்பது, அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய திட்டம் அது. முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம்தான் இருந்தது. அண்ணன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான், லேப்டாப் தங்கைக்கு வந்தது. மூடியில் இருந்த அரசு முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இத ஆன் பண்ணிட்டுப் போயி உலை வச்சு சோறு வடிச்சிட்டு வந்தாத்தான் ஸ்கிரீன் வருது. லைப்ரரிக்குத் தூக்கிட்டுப் போனா பாதி நேரம் அந்த வட்டம் சுத்துறதப் பாத்தே போயிருது. புதுசு வாங்கித் தாங்கன்னு அப்பாகிட்ட எப்படிக் கேக்குறது?"

நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத்தான் தினமும் போய் வருகிறாள். 2023இல் அது திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிக்க நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து மெஷின் விழிப்பதற்குக் காத்திருந்தால் எப்படி?

"இருத்தா, முதல்ல என்ன குறையுதுன்னு பாப்போம்" என்றேன். அன்றைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கழற்றி மாட்டும் வேலை அரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை இருக்கிறதே, அதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

ரேம் என்ன செய்கிறது?

சமையல் மேடையையும் பரணையும் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது கையாளுகிற பாத்திரங்கள் மேடையில் இருக்கும், மற்றவை பரணில் இருக்கும். மேடைதான் ரேம், பரண்தான் ஹார்ட் டிஸ்க். மேடை சின்னதாக இருந்தால் ஒரு சட்டியை வைக்க இன்னொன்றைப் பரணில் ஏற்ற வேண்டும். அது மறுபடி வேண்டும் என்றால் இன்னொன்றை ஏற்றிவிட்டு இதை இறக்க வேண்டும். ஏணியில் ஏறி இறங்குவதிலேயே சமையல் நேரம் போய்விடும். ரேம் நிறைந்துபோன லேப்டாப்பிலும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ் இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை ரேம் மாதிரி வைத்து ஓட்டும். அந்த டிஸ்க் சுழலும் தட்டு உள்ள பழைய வகை என்றால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

குறைவது ரேம்தானா என்று பார்ப்பது

லேப்டாப்பை ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் தினமும் எதையெல்லாம் திறந்து வைப்பீர்களோ அதையெல்லாம் திறங்கள். இந்தப் பெண்ணுக்கு அது குரோமில் ஐந்தாறு டேப், ஒரு வகுப்பு வீடியோ, இரண்டு பிடிஎஃப். திறந்தபின் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். மேலே சிபியு (அதாவது பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று சதவீதம் ஓடும்.

மெமரி 85, 90ஐத் தாண்டி நிற்கிறது, டிஸ்க்கும் 100ஐத் தொடுகிறது என்றால் ரேம் போதவில்லை. அவள் மெஷின் இப்படித்தான் நின்றது. மெமரி 50, 60தான், ஆனால் டிஸ்க் மட்டும் 100லேயே நிற்கிறது என்றால் சிக்கல் ஹார்ட் டிஸ்க்கில். அதற்கு ரேம் வாங்கிப் பிரயோஜனமில்லை, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட வேண்டும். இரண்டும் குறைவாக இருந்து சிபியு மட்டும் முட்டினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது, இல்லையென்றால் தூசி அடைத்துச் சூடு ஏறி பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமா? 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தட்டினால் 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண், திறந்திருக்கும் எல்லாமும் சேர்ந்து கேட்கும் இடம். அது உங்கள் ரேமைவிடப் பெரியதாக இருந்தால் மிச்சம் பரணுக்குத்தான் போகும். 2 ஜிபி மெஷினில் அந்த எண் 4ஐ ஒட்டி நின்றது. இதைப் பார்த்தபின் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: 2 ஜிபி இருந்தால் முதலில் ரேம். 4 ஜிபி இருந்து டிஸ்க் பழைய சுழலும் வகையாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. மெஷின் சீக்கிரம் ஆன் ஆக உதவுவது பெரும்பாலும் எஸ்எஸ்டி. ஆன் ஆனபின் பத்து டேப் திறந்தாலும் திணறாமல் ஓட உதவுவது ரேம்.

செலவில்லாத ஒரு வேலையையும் முதலில் செய்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கம் போய், ஆன் ஆனவுடன் தானாக ஓடும் தேவையில்லாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். ஆன்டிவைரஸையும் டச்பேட், சவுண்ட் டிரைவர்களையும் தொட வேண்டாம். சிலருக்கு இதுவே போதும்.

கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

ஒன்று, விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? இதைப் பார்க்காமல் ரேம் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். 32 பிட் விண்டோஸ் மொத்தமே 4 ஜிபிக்கு மேல் காணாது, அதிலும் மூன்று, மூன்றேகாலுக்குத்தான் பயன்படும். 8 ஜிபி போட்டாலும் மிச்சம் சும்மா கிடக்கும். அந்தப் பெண்ணின் மெஷினில் யாரோ ஃபார்மட் அடித்துக் கொடுத்தபோது 32 பிட் விண்டோஸ் 10 போட்டிருந்தார்கள். ஆனால் அதே வரியில் பிராசஸர் 'எக்ஸ்64' என்று இருந்தது. அதாவது மெஷின் 64 பிட்டைத் தாங்கும், உள்ளே போட்ட விண்டோஸ்தான் சின்னது. ஆகவே ரேமோடு சேர்த்து சிஸ்டத்தையும் மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இரண்டு, ரேமைச் செருகும் ஸ்லாட் எத்தனை? டாஸ்க் மேனேஜரில் அதே மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்பது போல இருக்கும். அப்படியென்றால் ஒரு ஸ்லாட் காலி. பக்கத்திலேயே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம், அதை மாற்ற முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவும் ஆப்பிளின் மேக்புக் ஏர் எல்லாமும் இந்த வகை. சிலவற்றில் கொஞ்சம் பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட்டும் கொடுத்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜர் சொல்லும் ஸ்லாட் கணக்கு எப்போதாவது தப்பும், அதனால் வாங்குவதற்கு முன் ஒருமுறை திறந்து கண்ணால் பார்ப்பதே நல்லது.

மூன்று, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும்? லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து அதன் சர்வீஸ் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். டெல், எச்பி, லெனோவா மூன்றுமே தங்கள் தளங்களில் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கொடுக்கின்றன. அதிகபட்ச ரேம், எந்த வகை, எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு அதில் இருக்கும். செலரான் என்ற பிராசஸர் உள்ள மெஷின்களில் 8 ஜிபிக்கு மேல் ஏற்காதவை உண்டு.

எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால், படிப்பு, ப்ரௌசர், டைப்பிங், டேலி மாதிரியான கணக்கு வேலைக்கு 8 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் 16 பற்றி யோசிக்கலாம். பழைய மெஷினில் அதற்கு மேல் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அந்த ஒரு எழுத்து

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரேமில் தலைமுறைகள் உண்டு: டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. கீழே தங்க நிறப் பற்கள் இருக்கும் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், அந்த வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு இடத்தில் இருக்கும். பற்களின் எண்ணிக்கையும் வேறு: லேப்டாப் ரேமில் டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. ஆகவே தலைமுறை மாறி வாங்கினால் ஸ்லாட்டில் போகாது, தப்பு உடனே தெரிந்துவிடும். அழுத்தித் திணிக்காமல் இருந்தால் சேதமும் இல்லை.

தெரியாமல் போகும் தப்பு டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் நடுவில் நடக்கிறது. இரண்டுக்கும் வெட்டு ஒரே இடம், பற்கள் ஒரே எண்ணிக்கை. சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். எல் வகை 1.5 வோல்ட் மெஷினிலும் ஓடிவிடும். ஆனால் 1.35 வோல்ட் மட்டும் கொடுக்கும் மெஷினில் சாதாரண டிடிஆர்3 ஓடாது. இன்டெல் நாலாம் தலைமுறை பிராசஸர் உள்ள லேப்டாப்கள் இந்த 1.35 வோல்ட் வகை.

எனக்கே இது நடந்தது. சில வருடங்களுக்கு முன்னால் என் ஐ3 நாலாம் தலைமுறை லேப்டாப்புக்கு ரேம் வாங்க டவுனுக்குப் போனேன். "டிடிஆர்3 எல்லாம் ஒண்ணுதான் சார், தாராளமாப் போடுங்க" என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் அழகாக உட்கார்ந்தது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டையே எரித்துவிட்டோமோ என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் வேறொரு சர்வீஸ் தம்பியிடம் காட்டினேன். அவர் பழைய ரேமையும் புது ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஓரிடத்தைக் காட்டினார். பழையதில் 'பிசி3எல்', புதியதில் 'பிசி3'. டிடிஆர்3எல், டிடிஆர்3 என்பதை லேபிளில் இப்படித்தான் போடுவார்கள். நடுவில் ஒரு எல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எல் வகையை மாட்டியதும் திரை வந்துவிட்டது.

அதனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டிடிஆர்3 மெஷின் எதுவானாலும் எல் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இரண்டு வகை மெஷினிலும் அது ஓடும்.

உங்கள் மெஷின் எந்தத் தலைமுறை என்று பிராசஸர் பெயரிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். ஐ3-4005யு என்றால் நாலாம் தலைமுறை, டிடிஆர்3எல். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, பெரும்பாலும் டிடிஆர்4. ஆறாம் தலைமுறையில் இரண்டும் உண்டு, ஆகவே திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

ரேம் லேபிளில் இருக்கும் பெரிய எண் பலரைக் குழப்பும். 'பிசி3எல்-12800எஸ்' என்று இருக்கும். அந்த எண்ணை எட்டால் வகுங்கள், 1600 வரும், அதுதான் வேகம். 'பிசி4-19200' என்றால் 2400, '25600' என்றால் 3200. சில லேபிள்களில் 'பிசி4-2400டி' என்று நேராகவே வேகம் இருக்கும். வேகம் வேறுபட்ட இரண்டு ரேமைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், பாதகமில்லை. ஒரே அளவில் இரண்டு போட்டால் இரண்டும் சேர்ந்து இரட்டைப் பாதையில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் வீடியோ பார்க்கும்போதும் கேமிலும் இது நன்றாகவே தெரியும்.

வாங்குவது

மதுரையில் டவுன் ஹால் ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போகும்போது பழைய ரேமைக் கழற்றி ஒரு காகித உறையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். கழற்றத் தயக்கமாக இருந்தால் லேபிள் தெளிவாகத் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "இதே வகை, 8 ஜிபி, லேப்டாப்புக்கு" என்று காட்டிக் கேளுங்கள். டெஸ்க்டாப் ரேம் இதைப் போல இரண்டு மடங்கு நீளம், அது ஆகாது.

விலை எவ்வளவு என்று நான் எழுதப் போவதில்லை, அது மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. அதனால் மூன்று கடையிலாவது கேட்டுவிட்டு, இணையத்திலும் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிங்ஸ்டன், சாம்சங், ஹைனிக்ஸ், குரூசியல், அடாட்டா எல்லாம் நம்பி வாங்கலாம்.

பழைய ரேம் வாங்கலாமா? வாங்கலாம். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய லேப்டாப்களிலிருந்து எடுத்த டிடிஆர்3எல், புதியதைவிட நல்ல மலிவாகக் கிடைக்கும். இரண்டு நிபந்தனை: ஓடவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவேன் என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும், வீட்டுக்கு வந்த அன்றே சோதித்துவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இப்படித்தான் 4 ஜிபி எல் வகை இரண்டு வாங்கினோம். பழைய 2 ஜிபியைக் கழற்றிவிட்டு 8 ஆக்குவது என்று முடிவு.

மாட்டுவது

ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ரேம் மாற்றினால் ஃபைல் எதுவும் அழியாது, ஆனாலும் ஹால் டிக்கெட்டும் சான்றிதழும் இருக்கும் மெஷினில் ஒரு நகல் இல்லாமல் ஸ்க்ரூவில் கை வைக்க எனக்கு மனம் வராது.

நல்ல வெளிச்சத்தில், மர மேசை மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை விரியுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும், உருண்டும் ஓடாது. பக்கத்தில் ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, எந்த இடத்தில் எடுத்த ஸ்க்ரூவோ அந்த இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. குட்டை போக வேண்டிய இடத்தில் நெட்டையை முறுக்கினால் உள்ளே போர்டைக் குத்தும், மேலே இருக்கும் கவரையும் கிழிக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். பாலியஸ்டர் சட்டையும் நைலான் சேலையும் அன்றைக்கு வேண்டாம். செயற்கை நூல் போர்வையை இருட்டில் உதறினால் பொறி தெறிக்குமே, அந்த நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலேயே சிப்பைக் கெடுத்துவிடும். கை வைப்பதற்கு முன் பெயின்ட் உரிந்த ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள். நடுவில் எழுந்து போனால் திரும்பி வந்ததும் மறுபடி தொடுங்கள்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பழைய மாடல்களில் அடியில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும், நகர்த்தினால் பேட்டரி கழன்று வந்துவிடும். கழற்றியபின் பவர் பட்டனைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலானால் கவரைத் திறந்தவுடன் முதல் வேலையாக பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து மெதுவாக. அதன்பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும்.

இப்போது அடிக் கவர். சில லேப்டாப்பில் ரேமுக்கென்றே சின்னக் கதவு இருக்கும், ஒன்றிரண்டு ஸ்க்ரூதான். அரசு லேப்டாப்பில் எங்களுக்கு இப்படித்தான் அமைந்தது. மற்றவற்றில் முழு அடிக் கவரையும் எடுக்க வேண்டும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் சில ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். டிவிடி டிரைவ் இருந்தால் அதை முதலில் உருவினால்தான் கவர் வரும் என்கிற மாடலும் உண்டு. சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், நுனி தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாததைப் போட்டு முறுக்கினால் தலை வழுக்கிவிடும், அப்புறம் அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தபின் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் நுழைத்து ஓரமாக ஓட்டுங்கள், டிக் டிக் என்று கொக்கிகள் விடுபடும். கத்தி வேண்டாம். ஒரு மூலை மட்டும் வராமல் அடம்பிடித்தால் அங்கே ஸ்க்ரூ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். கீபோர்டைக் கழற்றினால்தான் ரேம் தெரியும் என்கிற மாடலாக இருந்தால், முதல்முறை செய்பவர்கள் அதைச் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது. அந்த மெல்லிய ரிப்பன் கேபிள் ஒருமுறை கிழிந்தால் ரேமைவிட அதிகச் செலவு.

உள்ளே ரேம் படுத்த வாக்கில் இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளி நிறக் கிளிப் பிடித்திருக்கும். இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் ஒரே சமயத்தில் இரு கிளிப்பையும் வெளிப்பக்கமாக விலக்குங்கள். ரேம் தானாகவே ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்து நிற்கும். அதே சாய்வில் ஓரங்களைப் பிடித்து உருவுங்கள். தங்கப் பற்களில் விரல் படக் கூடாது, நம் கை வியர்வை அதற்கு ஆகாது.

புதியதை மாட்டுவது இதன் தலைகீழ். வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக வருகிறதா என்று பாருங்கள். முப்பது, நாற்பது டிகிரி சாய்வாகப் பிடித்து உள்ளே தள்ளுங்கள். தங்கப் பற்கள் ஏறக்குறைய முழுதும் உள்ளே மறைய வேண்டும். பாதி தெரிந்தால் சரியாகப் போகவில்லை. அப்புறம் மேலே இரண்டு ஓரத்திலும் விரல் வைத்து மெதுவாகக் கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கிளிப்பும் டக் என்று பூட்டும் சத்தம் கேட்கும். அந்தப் பெண்ணையே அழுத்தச் சொன்னேன். பயந்து பயந்து ஒரு விரலால் தொட்டாள். "கொஞ்சம் பலமாவே அமுக்குத்தா, ஒண்ணும் ஆகாது" என்றதும் அழுத்தினாள், சத்தம் கேட்டது, முகமே மாறிப்போனது.

திறந்ததுதான் திறந்தோம், காய்ந்த பிரஷ் ஒன்றால் ஃபேனில் படிந்த தூசியையும் தட்டிவிடுங்கள். பிரஷ் போடும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

ஆன் செய்தபின்

கவரை முழுதும் மூடி எல்லா ஸ்க்ரூவும் போடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கவரைச் சும்மா பொருத்தி, பேட்டரியை மாட்டி, ஆன் செய்யுங்கள். முதல்முறை திரை வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம். சில மெஷின்கள் மெமரி அளவு மாறிவிட்டது என்று ஒரு செய்தி காட்டும், தொடரச் சொல்லி அது கேட்கும் பட்டனை அழுத்தினால் போதும்.

திரை கறுப்பாகவே இருந்தாலோ பீப் பீப் என்று கத்தினாலோ பதற வேண்டாம். பத்தில் எட்டுத் தடவை ரேம் சரியாக உட்காராததுதான் காரணம் என்பது என் அனுபவம். பவரை எடுத்து, கழற்றி, மறுபடி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றொன்றை, அப்புறம் ஸ்லாட் மாற்றி. பழைய ரேமில் தங்கப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் காலம் காலமாகச் செய்வது இது, நன்றாகவே வேலை செய்யும். எதற்கும் மசியவில்லை என்றால் பழைய ரேமைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் மெஷின் நன்றாக இருக்கிறது, ரேம்தான் பொருந்தவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஓடிவிட்டால் டாஸ்க் மேனேஜரில் புது அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி, 'ரீஸ்டார்ட்' கொடுத்து ஒரு சோதனையும் ஓட்டிவிடுங்கள். பழைய ரேம் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பழுதுள்ள ரேம் சில சமயம் நன்றாக ஓடுவது போலவே ஓடி, பாதியில் நீலத் திரை காட்டும், சேமித்த ஃபைலையும் கெடுக்கும். சோதனை முடிந்ததும் மிச்ச ஸ்க்ரூக்களைத் தாளில் ஒட்டிய வரிசைப்படி போட்டுவிடுங்கள், ரொம்ப இறுக்க வேண்டாம்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது, அந்த 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பெரும்பாலானவற்றை ஆதரிப்பதில்லை. இந்த மெஷின் அதற்கும் ரொம்ப முந்தியது. அவளுக்கு வேண்டியது ப்ரௌசர், பிடிஎஃப், வீடியோ, தமிழ் டைப்பிங். ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டத்தின் 64 பிட் வகையை ஒரு பென் டிரைவிலிருந்து போட்டோம். அரசு லேப்டாப்களில் தொடக்கத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது, அதனால் அவள் அண்ணனுக்கு இது புதிதல்ல. போனில் கேட்டபோது, "அதுல என்னடா கஷ்டம், நான் அப்பவே ஓட்டிருக்கேன்" என்று தங்கைக்குத் தைரியம் சொன்னான். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவைப்படுபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, அவர்கள் 64 பிட் விண்டோஸையே போட்டுக்கொள்ள வேண்டும்.

மறு வாரம் நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்தாள். பத்து டேப்பும் வீடியோவும் திறந்து, மின்ட்டின் சிஸ்டம் மானிட்டரைக் காட்டினாள். 8இல் பாதிகூட நிறையவில்லை. ஆன் ஆக இன்னும் நேரம் எடுக்கிறது என்றாள். அது பழைய ஹார்ட் டிஸ்க், காசு சேர்ந்ததும் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். கழற்றிய 2 ஜிபி ரேமை எறியவில்லை. காகித உறையில் போட்டு, மேலே வகையும் வேகமும் பேனாவால் எழுதி வைத்தோம். அவளோடு படிக்கும் தோழியிடம் இதே காலத்து மெஷின் இருக்கிறதாம், ஒரு ஸ்லாட் காலியாம். உறையை அவளிடமே கொடுத்தனுப்பினேன்.